ஜெபல் அலியில் அப்பாவோடு நடந்தோம்

அன்புள்ள உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும்,

ஓராண்டு நினைவு நாளிலேயே உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டிய மலர் இது. இத்தனை தாமதத்துக்கு அச்சகம் காரணமல்ல. அட்டையில் போட அப்பாவின் படத்தை அம்மா தரவில்லை.

அப்பா முதுகுளத்தூர் பக்கம் ஒரு மானாவாரி விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூடத்துக்குள் தான் நுழைந்ததே வெள்ளையடிக்கத்தான் என்று சொல்லிச் சிரிப்பார். திருமணமான சில ஆண்டுகளில் துபாய் சென்று, ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் சரக்கு ஏற்றி இறக்கினார். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரியாக என்னை ஆக்கியவை அந்தத் தோள்கள்தான். லீவில் வந்தால் சந்தைக்கு அப்பா முன்னால் பறப்பார். அம்மா மூச்சு வாங்கப் பின்தொடர்வார்.

"என்னைக்காச்சும் எனக்காக நின்னு வந்திருக்கீகளா?"

"நீ பின்னால வருவேன்னு தெரியும்ல, அப்புறம் என்ன?" என்பார் அப்பா, திரும்பாமலே.

கொரோனா காலத்தில் தொழிலாளர் கேம்ப்பில் அப்பாவுக்குக் காய்ச்சல் கண்டது. ஆம்புலன்சில் ஏறியவர் அறைக்குத் திரும்பவில்லை. உடன் இருந்தவர்கள் யாராலும் அப்போது வெளியே போக முடியவில்லை. அங்கேயே தகனம் முடிந்தது. பல மாதம் கழித்து வந்த சாம்பலைச் சேதுக்கரையில் கரைத்தோம். ஆனாலும் அப்பாவின் படத்துக்கு மாலை போட அம்மா விடவில்லை.

"கூட ஒரு ஆளு நடக்காம அனுப்பிட்டு, போயிட்டாருன்னு எப்படிடா சொல்றது?"



இப்போது நான் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறேன். அப்பாவின் அறைத்தோழர் சேவியர் மாமா, கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர், ஒருநாள் போன் செய்தார். நோயில் தனியாகப் போனவர்களுக்காக, கேம்ப்பிலிருந்து தகன மேடைவரை ஞாயிறு காலை நடக்கப் போவதாகச் சொன்னார். அம்மாவிடம் சொன்னேன். "என்னையும் கூட்டிட்டுப் போ" என்றார்.

பேனர் இல்லை, கோஷம் இல்லை. கடைக்குப் போகிறவர்களைப் போல இருவர் இருவராக நடந்தோம். என் சட்டைப் பையில் வீடியோ காலில் அம்மா, கேமரா சாலையைப் பார்த்தபடி.

"அக்கா, இவன் அப்பன்கூட நடந்தா நாங்க ஓடணும். இவன் என்னடான்னா ஆமை கணக்கா வாறான்" என்றார் சேவியர் மாமா. பையிலிருந்து அம்மாவின் சிரிப்பு கேட்டது.

கடைசித் திருப்பத்தில் எனக்குத் தயக்கம். எங்கள் ஊரில் இறுதி ஊர்வலத்தில் பெண்கள் தெருமுக்கோடு நின்றுவிடுவது வழக்கம். "அம்மா, போனை அணைக்கட்டுமா?" என்றேன்.

"ஊர்ல தூக்கிட்டுப் போயிருந்தா முக்குல நின்னுருப்பேன். இங்க நான் நிக்க மாட்டேன். நீ நட."

"அக்கா சொல்லியாச்சுல்லா, நட மக்களே" என்றார் மாமா.

வாசலில் ஒவ்வொருவரும் தம்மவரை மெல்லக் கூப்பிட்டார்கள். "பாய்" என்று தம்பியைக் கூப்பிட்டார் ஒரு நேபாளத்துக்காரர். "அப்பா" என்றேன். அம்மா அழவில்லை.

"இன்னைக்குத்தான் உங்களுக்குச் சமமா நடந்து வந்திருக்கேன்" என்றார் அப்பாவிடம். "சரி, இனிமே நீங்க முன்னால போங்க."

அப்பாவுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்த அறைத்தோழர்களுக்கும், சாம்பலைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தவருக்கும், முகம் தெரியாத செவிலியருக்கும், அன்று உடன் நடந்த எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

அட்டையில் உள்ள படத்தை அன்று மாலையே அம்மா அனுப்பினார். அதில் இருக்கும் மாலை அவர் கட்டியது.