கூண்டில் நின்ற தங்கை

திண்டுக்கல்லில் சீனியர் வக்கீலிடம் ஜூனியராகச் சேர்ந்த பிறகு நான் பார்த்த முதல் கொலை கேஸ் இது. ஐம்பதுகளின் கடைசி. கட்சிக்காரர் கருப்பண்ணன், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். நெய்க்காரப்பட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்த தங்கையின் புருஷனைக் கிணற்றடியில் வெட்டிக் கொன்றார் என்று வழக்கு. நேரில் பார்த்த சாட்சி ஒருத்திதான். செத்தவனின் மனைவி, கருப்பண்ணனின் தங்கை வள்ளியம்மாள். கூடப்பிறந்தவளே அண்ணனைக் காட்டிக்கொடுத்தால் எந்த கோர்ட் நம்பாது?

சப்ஜெயிலில் போய்ப் பார்த்தோம். தான் வெட்டவில்லை என்றார் கருப்பண்ணன். சீனியர் துருவிக் கேட்டதும் தலை குனிந்துகொண்டார்.

“ஏனுங்க, எந்தங்கச்சிய மட்டும் ஒண்ணும் கேக்காதீங்க. அவ சொன்னது சொன்னதாவே இருக்கட்டுங்க.”

கேட்காமல் விட்டால் தூக்குதான், அதற்கு வக்கீல் எதற்கு என்று சீனியர் கடிந்துகொண்ட பிறகே அரைமனதாகத் தலையாட்டினார்.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டதாகத் தோன்றியது. செத்தவன் குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடிப்பவன். அதைத் தட்டிக் கேட்டுக் கருப்பண்ணன் முன்பே சண்டை போட்டிருக்கிறார். அடி பொறுக்காமல் அவளே வெட்டியிருப்பாள், பழியை அண்ணன் சுமக்கிறார் என்றேன். சீனியர் ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

மதுரை செஷன்ஸ் கோர்ட்டில் விசாரணை. வள்ளியம்மாள் கூண்டில் ஏறுமுன் சீனியர் என்னிடம் சொன்னார்: “அவ பேசுறத நான் பாத்துக்கிறேன். அவ கண்ணு எங்க போகுதுன்னு நீ பாரு.”

வள்ளியம்மாள் பாடம் ஒப்பிப்பதுபோல் சாட்சி சொன்னாள். ஒவ்வொரு பதிலுக்கு முன்னாலும் அவள் கண் பின் பெஞ்சுக்குப் போய் வந்தது. அங்கே செத்தவனின் தம்பி அவளுடைய கைக்குழந்தையை மடியில் வைத்திருந்தான். குழந்தை தாயைப் பார்த்து வீறிட்டும் அவன் பிடியைத் தளர்த்தவில்லை. சீனியரின் காதில் சொன்னேன்.

குறுக்கு விசாரணையில் அவர் கொலையைப் பற்றிக் கேட்கவே இல்லை.

“பிள்ளை யாருகிட்டம்மா வளருது?”

“கொழுந்தனார்கிட்டங்க.”

“உங்கிட்ட எப்பத் தருவாரு?”

அவள் கண் மறுபடி பின் பெஞ்சுக்குப் போனது. சர்க்கார் வக்கீல் ஆட்சேபித்தார். ஜட்ஜ் பின் பெஞ்சையே சற்று நேரம் பார்த்துவிட்டு, குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு வெளியே போகும்படி அந்தத் தம்பியிடம் சொன்னார்.

வள்ளியம்மாள் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு ஜட்ஜைப் பார்த்துச் சொன்னாள்.

“அண்ணன் அன்னிக்கு எங்க ஊருக்கே வரலீங்க. வெட்டுனது கொழுந்தனாருங்க, காடு தோட்டத்துல பங்குக்காக. மாத்திச் சொன்னா பிள்ளைய உசுரோட பாக்கமாட்டேன்னாருங்க.”

கருப்பண்ணன் விடுதலையானார். கொழுந்தன் மேல் தனி வழக்கு நடந்தது.

தீர்ப்பு வந்த அன்று கோர்ட் வாசலில் கருப்பண்ணன் சீனியரைக் கும்பிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்: “அவதான் வெட்டிப்போட்டான்னு நெனச்சனுங்க.” பின்னால் நின்ற வள்ளியம்மாள் காதிலும் அது விழுந்தது. அண்ணனைத் தூக்குக்கு அனுப்பத் துணிந்தவள் அவள். அவளைக் கொலைகாரி என்று நம்பிக்கொண்டே அவளுக்காகச் சாகத் துணிந்தவர் அவர். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கடைசியில் அவர் குழந்தைக்குக் கை நீட்டினார். அவள் கொடுத்தாள்.

பொய் சொல்பவர்களைப் பிடிக்கத்தான் வக்கீலுக்குச் சந்தேகம் வேண்டும் என்று அதுவரை எண்ணியிருந்தேன். யாரையோ காப்பாற்ற வாயை மூடிக்கொண்டிருப்பவரையும் சந்தேகப்பட வேண்டும். உண்மை அவருக்கும் தெரியாமல் இருக்கலாம்.