நான் போட்ட வளைவு

கோவில்பட்டியில் ஒரு மாடி ஆபீசில் பழைய நிலப்படங்களைக் கம்ப்யூட்டரில் டிரேஸ் செய்யும் வேலைக்கு நான் சேர்ந்து அப்போது இரண்டு மாதம். படிப்பு பன்னிரண்டாம் வகுப்போடு சரி. யாரிடமும் வலியப் பேசவும் மாட்டேன்.

தாமிரபரணி கடலில் சேரும் இடத்தின் பழைய ஷீட்டுகளை ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தார்கள். ஆறு எப்படியெல்லாம் இடம் மாறியது என்று பார்க்க ஆராய்ச்சிக்காரர்களுக்கு அது வேண்டும். நாங்கள் ஷீட்டின் ஓரத்தை அதிலுள்ள எழுத்தோடு வெட்டிவிட்டு, பக்கத்து ஷீட்டோடு ஒட்டி, கோட்டின் மேல் கோடு வரைவோம். ஒட்டும் இடத்தில் கோடு சேராவிட்டால் செக்கிங்கில் திருப்பிவிடுவார்கள்.

ஒரு ஷீட்டில் ஆறு முடிந்த இடத்துக்கும் அடுத்ததில் அது தொடங்கிய இடத்துக்கும் ஒரு விரல் இடைவெளி இருந்தது. அழகாக ஒரு வளைவு போட்டுச் சேர்த்தேன். செக்கிங்கிலும் பாஸ் ஆகிவிட்டது.

படம் போக வேண்டிய நாளில், ஃபைலுக்குப் பெயர் வைக்க, ஷீட் நம்பர் பார்ப்பதற்காக வெட்டாத ஸ்கேனைத் திறந்தேன். ஓரத்தில் சர்வே செய்த வருஷம் இருந்தது. இரண்டு ஷீட்டும் வேறு வேறு காலம். இடையில் ஆறு நகர்ந்திருக்கிறது. என் வளைவில் எந்தக் காலத்திலும் தண்ணீர் ஓடியதில்லை. அதை யாரோ உண்மை என்று நம்பப் போகிறார்கள். சொன்னால் என் வேலை போய்விடும்.

பக்கத்து சீட் மாரியம்மாளிடம் மட்டும் காட்டினேன். "ஏட்டி, எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? போய் அண்ணாச்சிட்ட சொல்லு. வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க?" என்றாள்.

முதலாளியின் மேஜை முன் போய் நின்றேன். "அண்ணாச்சி, நான் ஆத்த வளைச்சிட்டேன்."

விஷயத்தைக் கேட்டுவிட்டு ஸ்கிரீனில் இரண்டு ஷீட்டையும் திறந்து பார்த்தார். "ஆத்தோட விட்டியளே, கடலத் தூக்கி எட்டயபுரத்துல வைக்காம" என்றார். நான் அழுதுவிட்டேன்.

"அழாதீங்கம்மா. ஓரத்த வெட்டுங்கன்னு எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தது நாந்தான். இன்னும் எத்தன ஷீட்டுல இப்படிக் கெடக்கோ!"

உடனே ஃபோன் போட்டார். "சார், இன்னைக்கு அனுப்ப முடியாது. எங்க ஆபீஸ்ல தப்பு நடந்துபோச்சு." எதிர்முனையில் இருந்தவர், சேராத இடத்தைச் சேராமலே விடுங்கள், அந்த இடைவெளிதான் எங்களுக்கு வேண்டும் என்று சொன்னாராம்.

எல்லா ஷீட்டையும் ஆபீஸே உட்கார்ந்து மறுபடி பார்த்தது. இன்னும் சில வளைவுகள் கிடைத்தன. யார் போட்டது என்று அண்ணாச்சி கேட்கவில்லை. அந்த ஃபோனிலும் என் பெயரைச் சொல்லவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் ஓரத்தைப் படித்துவிட்டு வெட்டுங்கள். தப்புச் செய்தால் படம் போவதற்கு முன் சொல்லுங்கள். இப்போது செக்கிங் சீட்டில் நான்தான் இருக்கிறேன். நானும் ஃபோனில் யார் பெயரையும் சொல்வதில்லை.