தறி நின்ற நாளின் பாட்டு

டிபன் டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான். கறுப்புத் தகரப் பெட்டி. முன்பக்கம் மூன்று திருகு: சத்தத்துக்கு ஒன்று, கனத்த சத்தமான பேஸுக்கு ஒன்று, கூர்மையான சத்தமான ட்ரெபிளுக்கு ஒன்று. பின்பக்கம் இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒயர் மாட்டுகிற இடம். என் வீட்டுக்காரர் ஆன்லைனில் கடைசியாக வாங்கிய ஆம்ப்ளிஃபயர். மாதத்துக்கு ஒருநாள் பராமரிப்பு என்று சொல்லிக் காலையிலேயே கரண்டை நிறுத்துவார்கள் அல்லவா, எங்கள் வீட்டில் அந்தப் பெட்டி பாடுவது அன்றைக்குத்தான். கரண்ட் போனதும் தெருவில் ஓடுகிற பவர்லூம் தறிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் அடங்கும். ஆரணியில் எங்கள் தெருக்காரர்களுக்கு அமைதி என்றால் அது ஒன்றுதான். அவர் பழைய பேட்டரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வருவார். அந்தச் சின்னப் பெட்டி பன்னிரண்டு வோல்ட்டில் ஓடும், மின்சார வாரியத்தின் தயவு தேவையில்லை. பெரிய செட்டு எதையும் வாங்காமல் இந்த ரகத்தையே அவர் தேடித் தேடி வாங்கியதற்குக் காரணம் அதுதான். ஊரெல்லாம் கரண்ட் இல்லையென்று மூக்கால் அழும் நாளில், கல்யாணத்துக்குக் கிளம்புகிறவர் மாதிரிச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்காருவார்.

நான் கண்ணமங்கலத்துக்காரி. அப்பா அங்கே மளிகைக் கடை வைத்திருந்தார். கல்யாணமாகி வந்த புதிதில் இந்த வீட்டில் எல்லோரும் எந்நேரமும் சண்டை போடுகிறார்கள் என்றே நினைத்தேன். உப்பை எடு என்பதைக்கூட அடிக்க வருகிறவர்கள் மாதிரித்தான் சொன்னார்கள். பின்கட்டில் பட்டுப்புடவைத் தறி ஓடிக்கொண்டிருக்கும்போது மெதுவாகப் பேசி என்ன ஆகப்போகிறது? தறிக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார்கள். அவர் பள்ளிக்கூடத்தை விட்ட வயதிலிருந்து அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே நின்றவர். காதில் பஞ்சாவது வைத்துக்கொள்ளுங்களேன் என்றால், "தறி சத்தம் மாறினா எனக்குத் தெரிய வேணாமா?" என்று என்னையே மடக்குவார்.

அவருக்கு ஒரு பாட்டு உண்டு. பழைய பாட்டு, ஊருக்கே தெரிந்தது. அதில் இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வாத்தியங்கள் எல்லாம் ஒரு நொடி அடங்கி, ஒரு சலங்கை மட்டும் மெல்லக் குலுங்கிவிட்டுப் போகும். சிறுவயதில் டீக்கடை ரேடியோவில் கேட்டு அதைப் பிடித்துவைத்திருந்தார். புதிய ஆம்ப்ளிஃபயர் எது வந்தாலும் பரீட்சை அந்த ஒரு இடத்தில்தான். முழுப்பாட்டும் நன்றாக ஓடும். அந்த இடம் வந்ததும் அவர் முகம் சுண்டிவிடும். ட்ரெபிள் திருகைக் கடைசி வரைக்கும் திருப்புவார். மறுபடி போடுவார். "ஊஹூம். இதுலயும் சலங்கை வரல. எல்லாத்தையும் விலை கொறைக்கிறேன்னு கெடுத்து வெச்சிருக்கானுங்க" என்பார். எனக்கோ அது காதில் ஊசி ஏற்றுகிற மாதிரிக் கேட்கும். பாட்டுக்கும் எனக்கும் ரொம்ப தூரம். ஞானம் இல்லாதவள் என்ற பெயரை ஏற்கெனவே வாங்கியிருந்ததால் வாயைத் திறக்கமாட்டேன்.

இப்படி ஒதுக்கிய பெட்டிகளை என்ன செய்வது? அக்கம்பக்கத்தில் தள்ளிவிடுவார். எங்கள் தெருவில் பாதி வீட்டில் பாட்டு கேட்பது அவர் வேண்டாம் என்றதில்தான். வாங்கியவர்கள் எதிரே வந்தால் கையைப் பிடித்துக்கொண்டு, "சூப்பரா பாடுதுண்ணா, கண்ணாடி மாதிரி இருக்குது" என்பார்கள். அவர் சிரித்துவிட்டு உள்ளே வந்து, "பாவம், கேக்கத் தெரியாத ஜனங்க" என்று என்னிடம் பரிதாபப்படுவார். தெருவே ஒன்று சொல்ல இவர் ஒருவர் மட்டும் வேறு சொல்கிறாரே என்று எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவே இல்லை. அடுப்படியிலிருந்து நான் கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்க்காததையும், மகள் போன் செய்தால் "உங்கம்மாகிட்ட பேசு" என்று என் கையில் தள்ளிவிடுவதையும் நான் அவருடைய குணம் என்றே எடுத்துக்கொண்டேன். அதற்காகப் பேஜார் பண்ணியிருக்கிறேன், அவரும் பதிலுக்குக் கத்தியிருக்கிறார். எந்த வீட்டில் இல்லை?

மகள் சென்னையில் படித்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை லீவுக்கு வந்தபோது கரண்ட் நிறுத்துகிற நாள் வாய்த்தது. பாட்டு ஆரம்பித்ததும் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள். "யப்பா, இன்னாப்பா இது, தலை வலிக்குது!" என்று திருகை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினாள். "இப்ப கேளுங்க, எவ்ளோ அழகா இருக்குது. சலங்கைகூட தனியா கேக்குது பாருங்க" என்றாள். அவர் அவளைப் பார்த்தார். "எங்க கேக்குது?" என்றார். கிண்டல் செய்கிறார் என்று நான் சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. தன் போனில் ஏதோ தேடி எடுத்தாள். சத்தம் தாழ்வாக ஆரம்பித்துப் படிப்படியாகக் கூர்மையாகிக்கொண்டே போகுமாம், எது வரைக்கும் கேட்கிறது என்று பார்த்தால் காதின் நிலைமை தெரியுமாம். அதை அந்தப் பெட்டியில் மாட்டினாள். அவர் பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு, கையைத் தொடைமேல் வைத்து உட்கார்ந்தார். முதல் சத்தத்துக்குத் தலையாட்டினார். அடுத்ததற்கும் ஆட்டினார். அப்புறம் தலையாட்டல் நின்றுவிட்டது. கூடம் முழுக்க விசில் மாதிரி ஒரு சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறது. வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து நின்றுவிட்டது. அவர் அதே மாதிரி கண்ணை மூடிக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார்.

"உம், அடுத்தது போடும்மா" என்றார்.

"போட்டுகினுதாம்ப்பா இருக்கேன்" என்றாள் அவள். 

அவர் கண்ணைத் திறந்து எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கப்போவதில்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த செய்தியைக் கடைசியாகக் கேட்டுக்கொள்கிறவருடைய பார்வை அது.

வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போனோம். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துச் சோதித்தார்கள். டாக்டரம்மா நல்ல மாதிரி, சுற்றி வளைக்காமல் சொன்னார். வருடக்கணக்கில் தறிச் சத்தத்தில் நின்றதால் காதின் உள்ளே கூர்மையான சத்தத்தை வாங்குகிற நரம்புகள் பட்டுப்போய்விட்டன, போனது திரும்பாது, காதுக்கு மிஷின் வைத்தால் பேச்சு விளங்கும் என்றார். "பாட்டு?" என்று இவர் கேட்டார். டாக்டரம்மா மிஷினுக்கான சீட்டை எழுத ஆரம்பித்தார். திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். கண்ணமங்கலம் தாண்டியதும் என் பக்கம் திரும்பி, "அப்ப அந்தப் பொட்டிங்க மேல தப்பே இல்ல. நல்ல பொட்டிங்களையெல்லாம் குடுத்துட்டேன்" என்றார். பஸ்ஸில் நாலு பேர் இருக்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல் நான் அழுதேன்.

மிஷின் வைத்துக்கொண்டார். மகளோடு போனில் பேசினார், நான் கூப்பிட்டால் திரும்பினார். ஆனால் அதை வைத்துக்கொண்டு பாட்டு கேட்டால் தகரத்தில் சுண்டுகிற மாதிரி இருக்கிறதென்று கழற்றி வைத்துவிட்டார். பாட்டையே விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அடுத்த முறை கரண்ட் நின்றபோது வழக்கம்போலப் பேட்டரியைக் கொண்டுவந்தார். ட்ரெபிள் திருகை நடுவில் வைத்தார். "நீயாவது நல்லா கேளு. இத்தினி நாளு உன் காதைப் பதம் பாத்துட்டேன்" என்று என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். பாட்டு ஓடியது. அவருக்குக் கேட்டது கேட்டது, மீதியை ஞாபகத்தால் நிரப்பிக்கொண்டார். அந்த இடம் நெருங்கியதும் என் முகத்தைப் பார்த்தார். சலங்கை குலுங்கியது. நான் தலையாட்டினேன். அவர் முகம் மலர்ந்ததே ஒரு மலர்ச்சி, தானே கேட்ட மாதிரி.

அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. மாதத்துக்கு ஒருநாள், அந்த ஒரு இடத்தில், அவர் பார்ப்பார், நான் ஆட்டுவேன். சமையலைப் போட்டுவிட்டு வந்து உட்காருவேன். பாட்டே பிடிக்காத நான் அந்தச் சலங்கைக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கப் பழகினேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் அவ்வளவு நெருக்கமாக இருந்ததில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அப்புறம் ஒருநாள் அந்த இடம் வந்தது, சலங்கை வரவில்லை. வாத்தியங்கள் அடங்கின, அடுத்த நொடி பாடகி சரணத்தைத் தொடங்கிவிட்டாள். அந்தக் குரலும் போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி மந்தமாக இருந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையாட்டிவிட்டேன்.

அவர் வெளியே போயிருந்த நேரம், தறி மோட்டார் பார்க்க வருகிற எலக்ட்ரீஷியன் தம்பியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரைக் காட்டினேன். இரண்டிலும் ட்வீட்டர் செத்துவிட்டது என்றார். பெரிய ஸ்பீக்கருக்கு மேலே வட்டமாகச் சின்னதாக ஒன்று இருக்கிறதே, அதுதான் கூர்மையான சத்தத்தையெல்லாம் கொடுக்குமாம். "சின்னப் பொட்டில எல்லாத்தையும் ஃபுல்லா ஏத்தி வெச்சா இது தாங்காதுக்கா. ரொம்ப நாளு அடி வாங்கியிருக்குது. மாத்திடட்டுமா?" என்றார். மாற்றினால் புதிது என்று இவர் கண்ணில் படும், ஏன் என்று கேட்பார். கேட்காத சலங்கைக்காக அவர் ஏற்றி ஏற்றி வைத்த சத்தம்தான் அந்தச் சலங்கையையே எரித்துவிட்டது என்று நான் எந்த வாயால் சொல்வேன்? இருக்கட்டும் விடு என்று அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் இல்லாத சலங்கைக்குத் தலையாட்டினேன். எந்த நொடியில் ஆட்டவேண்டும் என்பது எனக்கு அத்துப்படியாகியிருந்தது. ஒருமுறைகூடத் தவறவிடவில்லை.

போன வருடம் நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவர்தான். ஆஸ்பத்திரி வரைக்கும்கூடப் போகவில்லை.

தறிகளை விற்றுவிட்டேன். பெட்டி கூடத்தில்தான் இருக்கிறது. மகளுக்கு இப்போது சென்னையில் வேலை. சென்ற மாதம் வந்தவள் ஸ்பீக்கரைப் போட்டுப் பார்த்துவிட்டு, இது ஏன் இப்படி மூடிக்கொண்டு பாடுகிறது என்று கேட்டாள். அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன்.  மறுநாள் கடைக்குப் போய்ப் புதிதாக இரண்டு ட்வீட்டர் வாங்கி வந்து, ஸ்க்ரூ டிரைவரோடு ஸ்பீக்கர் முன்னால் உட்கார்ந்தாள். "அப்பாவுக்குப் புடிச்ச சலங்கைம்மா, நீயாவது கேட்டுகினு இரு" என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "வேணாம்மா, மாட்டாத. சலங்கை கேட்டுச்சின்னா, நான் யாரைப் பாத்துத் தலையாட்டுவேன்?" என்றேன்.