உள்ளங்கை எடை

மட்டாஞ்சேரியில் கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடை வைத்திருந்தவர் ஒடிசலான மனிதர். பவர் சப்ளை கேட்டால் லேபிளைப் படிக்கவே மாட்டார். உள்ளங்கையில் தூக்கிப் பார்ப்பார்.

எட்டு ஹார்ட் டிஸ்க் போட்டு வீட்டில் ஒரு சர்வர் கட்டினேன். கேசட்டிலிருந்து மாற்றிய, நான் எடுத்த கல்யாண வீடியோக்கள் எல்லாம் அதில்தான். அதற்குப் பவர் சப்ளை வாங்கியது அவரிடம்.

"எட்டும் ஒண்ணா சுத்த ஆரம்பிக்கிறப்பதான் கரண்ட் நிறைய இழுக்கும், சேட்டா. கனமானதா எடுங்க. கனம்னா உள்ளே செம்பு இருக்கு" என்றார்.

ஒரே மாதத்தில், அவர் எடை பார்த்துக் கொடுத்த பவர் சப்ளை எரிந்தது. எட்டு டிஸ்க்கையும் கூடவே கொண்டுபோனது. சண்டை போடத்தான் போனேன். அவர் எரிந்த பவர் சப்ளையைக் கழற்றினார். உள்ளே எடைக்காகவே ஓர் இரும்புக்கட்டியை ஒட்டியிருந்தார்கள்.

"என்னைப்போல ஆளுங்களுக்குன்னே செஞ்சிருக்கான்" என்றார்.

கட்டியை ஏந்திய அவர் கை, பழக்கத்தில், எடை பார்த்துக்கொண்டே இருந்தது.