லில்லிபுஷ்பம் பார்த்த சளி

விளாங்குடிப் பரிசோதனைக் கூடமொன்றில் இருபது வருஷமாக ஊரார் சளியை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பார்த்து, லில்லிபுஷ்பத்துக்கு மனுஷப் பேச்சின் மேல் துளி மரியாதையும் இல்லாமல் போயிருந்தது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவாள். ஆண்டவரை முழுசாக நம்புவாள். அவர் பேரைச் சொல்லி மைக் பிடிக்கிற எவனையும் நம்பமாட்டாள்.

தொண்ணூற்றெட்டில், ஆட்டோ ஓட்டும் அவள் புருஷன் மருதுவுக்கே டி.பி. வந்தது. ஆறு மாத மாத்திரையில் இரண்டு மாதம் முடிவதற்குள் இருமல் நின்று உடம்பு தேறியது. வாடிப்பட்டி ரோட்டில் தகரக் கொட்டகை போட்டு ஜெபம் நடத்திய போதகர் ஒருவர் மருதுவின் தலையில் கை வைத்து, "சுகமாயிட்டீங்க பிரதர், இனி மாத்திரை போட்டா அது அவிசுவாசம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அந்த மகானுக்குத் தலைவலி வந்தால் மட்டும் மாத்திரை விசுவாசத்தில் சேர்த்தி! மருது அன்றே மாத்திரையை நிறுத்தினார்.

"அம்புட்டு சுகம்னா சளியக் குடுங்க, பார்ப்போம்," என்றாள் லில்லிபுஷ்பம்.

"நீ அந்தச் சந்தேகக்கார சீஷன் தோமா பரம்பரைடி. பார்த்தாத்தான் நம்புவ."

"தோமா கேட்டப்ப ஆண்டவர் என்ன கோவிச்சுக்கிட்டா போனாரு? தொட்டுப் பாருன்னு காயத்தைத்தான காட்டுனாரு? உங்க போதகருக்குத்தான் கேள்வி கேட்டாலே பத்திக்கிட்டு வருது!"

ரோஷத்தில் மறுநாளே சளி டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார் மருது.

சாயம் ஏற்றிப் பார்த்தாள். கிருமி இருந்தால் நீலத்தில் சிவப்புக் குச்சியாய்த் தெரியும். நூறு இடம் தேடினாள். ஒன்றுகூட இல்லை. சந்தோஷப்பட வேண்டியவளுக்குப் பயம் வந்தது. இது இரண்டு மாத மாத்திரையின் வேலை. மிச்சக் கிருமி கண்ணுக்கு எட்டாமல் பதுங்கியிருக்கும். மாத்திரையை இப்போது விட்டால் மருந்துக்கும் அடங்காமல் திரும்பி வரும். அப்படிச் செத்தவர்களின் சளியையும் பார்த்தவள் அவள். 'இருக்கிறது' என்று பொய் எழுதினால் புருஷன் பிழைப்பார். பேனாவை எடுத்தாள். சீச்சீ, அப்புறம் அந்தக் கொட்டகைக்காரனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? 'இல்லை' என்றே எழுதினாள்.

சீட்டைப் பார்த்து மருது துள்ளினார். "ஞாயித்துக்கிழமை சாட்சி சொல்லப் போறேன்! இத மைக்குல வாசிக்கிறேன் பாரு!"

"வாசிங்க. மாத்திரைய மட்டும் விடாதீங்க. உள்ள இன்னும் இருக்கு."

"இல்லன்னு நீயே எழுதிக் குடுத்துட்டு, காணாத கிருமிய நம்பச் சொல்றியே, இது என்னடி நியாயம்?"

இருபது வருஷ ஏளனமும் இப்போது அவள் மேலேயே திரும்பியது. எடுத்துக் காட்ட அவளிடம் ஒன்றுமில்லை. "என்னை நம்புங்க," என்றாள். அழுகை வந்துவிட்டது. வெட்கமாகவும் இருந்தது.

"ஏண்டி, கட்டுன நாள்லருந்து நான் சொன்ன ஒரு சொல்லையாச்சும் நீ நம்பியிருக்கியா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் மனுஷன் இளகிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

"இல்லங்க," என்றாள்.

"இந்த நேரத்துலகூட ஒரு பொய் வரமாட்டேங்குது பாரு உன் வாயில," என்று மருது அலுத்துக்கொண்டார். "சரி, தண்ணி கொண்டா. மாத்திரைய முழுங்கித் தொலைக்கிறேன்."