அப்பா ஓட்டிய இங்கிலாந்து லொறி

இன்று ஸ்டுட்கார்ட்டில் பெற்றோல் அடிக்க நின்றபோது டீசல் மணம் மூக்கில் ஏற, இப்போது கார் தரிப்பிடமாகிவிட்ட எங்கள் அகதி விடுதியின் டிவி அறைக்குள் நினைவில் போய்விட்டேன். ஞாயிறு மத்தியானங்களில் பழைய இங்கிலாந்துப் படங்கள் ஓடும். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மலைப்பாதையில் லொறி ஓட்டும் தொழிலாளிகள் ஜெர்மன் குரலில் சண்டை பிடிப்பார்கள், எங்களுக்கு ஒரு மண்ணும் விளங்காது. ஊரில் லொறி ஓட்டிய, இங்கே வேலை அனுமதி கிடைக்காத அப்பாவுக்கோ ஸ்டியரிங் ஊரில் மாதிரியே வலப்பக்கம் இருந்தால் போதும். திரையில் வளைவு வர அவர் சரிய, அதே நீள வாங்கிலில் அவரோடு இருந்த எல்லோரும் சேர்ந்து சரிவோம்; "பிரேக்கைப் பிடியடா!" என்று நிலத்தை உதைப்பார். லொறி தப்பியதும் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "தேத்தண்ணி தாரும், களைச்சுப்போனன்" என்பார். அம்மாவும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, வேலையால் வந்த மனுசனுக்குப் போடுவதுபோலச் சீனி கூடப் போட்டுக் கொடுப்பா.