கூம்பின் மேல் ஒரு கோடு

ஆய்வுக்கூடத்தில் அவனுக்கு வைத்த பெயர் 'பரபரப்பு'. பொருத்தமான பெயர்தான். உட்கார்ந்தால் கால் ஆடும். நின்றால் விரல் எதையாவது தட்டும். ஒலியைவிடப் பல மடங்கு வேகத்தில் பாயும் காற்றை ஆராய்கிறவனுக்கு வாய்த்த வேலையோ முக்கால்வாசி காத்திருப்பது. காலையிலிருந்து கம்ப்ரசர் உறுமி உறுமித் தொட்டியில் காற்றை அடைக்கும். திறந்துவிட்டால் காற்றுச் சுரங்கம் என்கிற அந்த நீளக் குழாய்க்குள் ஒரே சீறல். தும்மி நிமிர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதற்குள் கேமரா பிடித்ததுதான் லாபம்.

சுரங்கத்துக்குள் சற்றுச் சாய்வாக நிற்பது ஓர் உலோகக் கூம்பு. சூடு பட்டால் நிறம் மாறும் பூச்சு அதன் மேல். கதவை மூடுமுன் மோதிரம் போட்ட விரலால் அதன் முனையோரம் 'டிக்'கென்று தட்டி, "நல்லபடியா முடிச்சுக் கொடு ராசா" என்பான். தட்டாவிட்டால் அவனுக்குக் கை நமநமக்கும்.

சில மாதங்களாக ஒவ்வொரு படத்திலும் கூம்பின் மேல் ஒரு சூட்டுக் கோடு விழுந்தது. எந்தக் கணக்கிலும் இல்லாத கோடு. பேராசிரியருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"இது புதுசுப்பா! மாநாட்டுல இதைத்தான் பேசப் போறேன். உன் பட்டத்துக்கும் இது போதும்."

வீட்டில் மனைவிக்கும் அதே சந்தோஷம். அவன் படிப்பு முடிந்ததும் ஆஸ்பத்திரியில் அந்த நைட் ஷிப்ட் வேலையை விட்டுவிடுவதாக இருந்தாள்.

அவனுக்குத்தான் தூக்கம் போயிற்று. கூம்பை அது நிற்கும் இடத்திலேயே கொஞ்சம் திருப்பி வைத்து ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். கோடு இருந்த இடத்திலேயே இருந்தால் அது காற்றின் வேலை. கூம்போடு சேர்ந்து திரும்பினால் கோளாறு கூம்பில். முதல் நாளே செய்திருக்க வேண்டிய சோதனை அது. யாரும் கேட்கவில்லை, அவனும் வாயைத் திறக்கவில்லை. பயம், வேறென்ன?

சாப்பிடும்போது மனைவி சிடுசிடுத்தாள்.

"என்னங்க, அந்தத் தட்டலை நிறுத்துங்களேன். பாருங்க, மேசைக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கு."

குனிந்து பார்த்தான். வழக்கமாக அவன் கை கிடக்கும் இடத்தில் வார்னிஷ் புள்ளி புள்ளியாகப் பெயர்ந்திருந்தது. விரலில் கிடந்த மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சோறு இறங்கவில்லை.

மறுநாள் கூம்பைத் திருப்பி வைத்தான். மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டான். காற்று சீறி ஓய்ந்தது. திரையில் கோடு சமர்த்தாகக் கூம்போடு திரும்பியிருந்தது. முனையோரம் லென்ஸ் வைத்துப் பார்த்தால், கடுகில் பாதிகூட இல்லாத ஒரு பெயர்ப்பு. கோடு கிளம்பியது அங்கிருந்துதான்.

"சார், அது காற்று இல்ல. என் மோதிரம்."

பேராசிரியர் லென்ஸை வாங்கி அந்தப் பெயர்ப்பைப் பார்த்தார். "நல்லவேளை, மேடை ஏறல" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மறுபடி முதல்லேருந்துதான்பா."

வீட்டில் மனைவியின் கண் முதலில் போனது வெறும் விரலுக்கு. எல்லாவற்றையும் சொன்னான். ஷிப்டுக்குக் கிளம்ப எடுத்த பையை அவள் கீழே வைத்தாள்.

"அப்ப இன்னும் ஒரு வருஷமா?"

"அதுக்கு மேலயும் ஆகலாம்."

அவள் முகம் வாடிவிட்டது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தான். அப்படி அவனை அவள் பார்த்ததே இல்லை. பக்கத்தில் வந்து, ஒரு கையை வெளியே இழுத்து மேசைமேல் வைத்தாள்.

"தட்டுங்க. இங்க தட்டினாப் பரவாயில்ல."